உடம்புக்கு என்ன செய்யுது?

வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூர் மருந்தகங்களில் நம் மூத்தோர் பேசத் திணறுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘ஃபீல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைச் சுற்றியே இருக்கின்றன. தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவள் நான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். தமிழ்க் கட்டுரையில் ‘நான் பசியாக உணர்ந்தேன்’, ‘நான் குளிராக உணர்ந்தேன்’, ‘அவன் செய்தது தவறு என்று உணர்கிறேன்’ என்றெல்லாம் எழுதுகிறான். கேட்டால், “ஃபீல் என்றால் உணர்தானே அம்மா?” என்கிறான். என் மாமியார் இது தமிழே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், தெம்பனிஸ்

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் பையனையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளியில் பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே யோசிக்கிற பிள்ளை அகராதியைத் திறந்தால் அது முதலில் நீட்டுவது ‘உணர்’ என்பதைத்தான். அவன் என்ன செய்வான்?

பசி, தாகம், குளிர், வலி, பயம் எல்லாம் தமிழில் நமக்கு வருகிறவை. நாம் செய்கிறவை அல்ல. எனக்குப் பசித்தது, எனக்குக் குளிரெடுத்தது, எனக்குப் பயமாக இருந்தது என்றுதான் சொல்லுவோம். ‘நான்’ என்று தொடங்குவதை விட்டு ‘எனக்கு’ என்று தொடங்கச் சொல்லுங்கள். அவன் வாக்கியங்களில் முக்கால்வாசி தானாகவே நேராகிவிடும். ‘உணர்’ வந்து நிற்க அங்கே இடமே இருக்காது.

மூன்றாவது வாக்கியத்தில் சிக்கல் வேறு. ஓர் உண்மை புத்தியில் உறைப்பதைத்தான் தமிழில் உணர்தல் என்கிறோம். ‘அப்போதுதான் தன் தவறை உணர்ந்தான்’ என்றால், அது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனுக்குத்தான் தாமதமாக விளங்கியிருக்கிறது. உங்கள் மகன் சொல்ல வந்தது அது இல்லை. தன் கருத்தைச் சொல்ல வந்திருக்கிறான். அதற்கு ‘எனக்குத் தவறாகப் படுகிறது’ என்று எழுதவேண்டும். ‘தோன்றுகிறது’ என்றாலும் சரிதான்.

இந்தப் ‘படு’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பிடித்த சொல் அது. ஆங்கிலத்து ‘ஃபீல்’ முதலில் தொடுவதைத்தான் குறித்தது. துணியைத் தொட்டுப் பார்ப்பதும் ஃபீல், முதுகில் வெயில் உறைப்பதும் ஃபீல். அங்கிருந்து மனத்துக்குப் போய்த் துக்கமும் மகிழ்ச்சியும் ஃபீல் ஆயின. பிறகு கருத்துச் சொல்வதற்கும் அதுவே வந்தது. நம் ‘படு’வும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. கை படுகிறது, வெயில் படுகிறது, அடி படுகிறது. வருத்தப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், ஆசைப்படுகிறோம். எனக்கு அப்படிப் படுகிறது என்று கருத்தும் சொல்கிறோம். தொல்காப்பியம் உணர்ச்சிகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக எண்ணி, அவற்றுக்கு வைத்த பெயர் மெய்ப்பாடு. உள்ளே எழுவது மெய்யில் வந்து படுவதால் மெய்ப்பாடு. அந்தப் பெயருக்குள்ளும் நம்முடைய ‘படு’தான் உட்கார்ந்திருக்கிறது.

எழுதி முடித்ததும் கட்டுரையைப் பாட்டியிடம் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டியின் முகம் எந்த வாக்கியத்தில் சுருங்குகிறதோ, அங்கே திருத்தினால் போதும்.

கேள்வி: ‘ஃபீல் பண்ணாதே’ என்று எல்லாரும் சொல்கிறோமே, ஆங்கிலேயருக்கு இது புரியுமா?
– ஒரு வாசகர், ஈசூன்

புரியாது. அந்தச் சொல்லை நாம் கடன் வாங்கியபோது அதன் பல பொருள்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். தமிழில் ‘அவர் ரொம்ப ஃபீல் பண்றார்’ என்றால் அவர் மனம் நொந்திருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் ஃபீலிங்’ என்று நிறுத்தினால், ‘ஃபீலிங் வாட்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். மகிழ்ச்சியா, மயக்கமா, குளிரா என்று நீங்கள் சொன்னால்தான் அந்த வாக்கியம் முடியும். வீட்டுக்குள் ‘ஃபீல் பண்ணாதே’ என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை, அது இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. மருத்துவமனையில் மட்டும் கவனமாக இருங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வணக்கம். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறேன். ஊர் மன்னார்குடி பக்கம். ராத்திரியானால் இரண்டு காலும் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. டாக்டர் ‘வாட் டு யூ ஃபீல்?’ என்று கேட்டார். ‘பெயின், டாக்டர்’ என்றேன். வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் அது வலி இல்லை அக்கா. பாதம் எரிகிறது, அப்புறம் மதமதவென்று ஆகிவிடுகிறது. காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதே சில நேரம் தெரிவதில்லை. இதை எப்படிச் சொல்வது?
– ஒரு தம்பி, துவாஸ்

தம்பி, எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், அது போதும். அதிலும் அந்தச் செருப்பு விஷயம்தான் முக்கியம். அதை விட்டுவிட்டு ‘பெயின்’ என்று மட்டும் சொன்னதால் அவர் வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். இந்த வாரமே மறுபடியும் போங்கள். ‘பர்னிங் அட் நைட். நம்ப். சம்டைம்ஸ் கான்ட் ஃபீல் மை ஸ்லிப்பர்ஸ்’ என்று சொல்லுங்கள். வாய் வராது என்று தோன்றினால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். இரத்தத்தில் சர்க்கரை பார்க்கவேண்டுமா என்றும் கேளுங்கள். நீரிழிவு நாள்பட்டால் பாதத்து நரம்புகளைக் கெடுக்கும், அப்போது இப்படி எரிச்சலும் மரப்பும் வரும். வேறு காரணமாகவும் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் டாக்டர். ஆனால் சரியான சேதி அவர் காதில் விழவேண்டும்.

‘ஃபீல்’ என்று டாக்டர் கேட்டால் நம் ஊரில் ‘உடம்புக்கு என்ன செய்யுது?’ என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு நம் தமிழில் இருக்கிற பதில்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஊசி குத்துகிற மாதிரி சுருக்சுருக் என்றால் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’. பல்வலியும் தலைவலியும் துடிப்போடு விண்விண் என்று தெறித்தால் ‘த்ராபிங்’. மழை நாளில் மூட்டு குடைகிறதே, அது ‘டல் ஏக்’. கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் ‘கிராம்ப்’. குமட்டல் ‘நாசியா’, தலைசுற்றல் ‘கிடி’. ‘எனக்கு உடம்பு சூடு’ என்று நாம் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள், காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியை எடுத்துவிடுவார்கள். சிறுநீர் கடுக்கிறது, கண் எரிகிறது, வாயில் புண் என்று சூட்டினால் வந்ததைச் சொல்லுங்கள்.

எவ்வளவு வலி என்று கேட்டு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்குமேல் ஒரு வலி இருக்க முடியாது. நம் ஆண்கள், அதிலும் வேலைக்கு வந்த பிள்ளைகள், பல்லைக் கடித்துக்கொண்டு ‘3’ என்பார்கள். விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடுமோ என்ற பயம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த எண்ணைக் குறைக்காதீர்கள். அதை வைத்துத்தான் உங்களை எவ்வளவு சீக்கிரம் பார்ப்பது, என்ன மருந்து கொடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

முன் பதிலில் கவனம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதப் பரிசோதனை செய்யும்போது மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பயன்படுத்துவோம். தூண்டில் நரம்பின் ஒரு துண்டு மாதிரி இருக்கும். அதைப் பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். அந்த அளவு அழுத்தம்கூடத் தெரியவில்லை என்றால், முள் குத்தினாலும் கொப்புளம் உடைந்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது என்று பொருள். ஒரு நாள் எனக்குப் பக்கத்து மேசையில், புதிதாகச் சேர்ந்த சீனப் பெண் ஒருத்தி நம் பெரியவர் ஒருவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தாள். இழையை வைத்துவிட்டு, ‘அங்கிள், டு யூ ஃபீல் எனிதிங்?’ என்றாள். அவர் சிரித்த முகத்தோடு, ‘நோ, நோ. நோ ஃபீலிங். மை சன் லுக் ஆஃப்டர் மீ வெரி வெல்’ என்றார். அடுத்த இடத்தில் வைத்துக் கேட்டாள். ‘நோ ஃபீலிங்.’ அவள் வரிசையாகக் குறித்துக்கொண்டே போனாள். அவருடைய மகன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், மனக்குறை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்கிறார். இரண்டு பாதமும் செத்துப்போயிருக்கிறது என்று அவள் எழுதுகிறாள்.

எழுந்து போய் அவளிடம் சொல்லிவிட்டு, நானே மறுபடி செய்தேன். “ஐயா, கண்ணை மூடிக்குங்க. கால்ல ஏதாச்சும் பட்டா ‘ம்’னு சொல்லுங்க, போதும்” என்றேன். ஒவ்வோர் இடமாக வைக்க வைக்க ‘ம்’ வந்தது. வலது பெருவிரலின் அடியில் வைத்தபோது மட்டும் வரவில்லை. இன்னொரு முறை வைத்தேன், அப்போதும் வரவில்லை. உண்மையிலேயே கவனிக்கவேண்டிய இடம் அதுதான். ‘பட்டா’ என்று கேட்டதால்தான் அது வெளியே வந்தது. அந்தப் பெண் ‘பட்டா’ என்ற சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அப்புறம் தமிழ் மூத்தோர் யார் வந்தாலும் அதையே சொல்லிக் கேட்டாள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தாதி தொடுவதை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தாலே, மரியாதைக்காக ‘யெஸ், யெஸ்’ என்கிற பெரியவர்கள் உண்டு. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அந்தத் தாதி சந்தோஷப்பட மாட்டாள் என்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

தம்பி, உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் இன்னொன்று. நெஞ்சு கனக்கிறது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல இருக்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால், ‘வாயுப் பிடிப்பு’ என்று நீங்களே பெயர் வைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். ‘செஸ்ட் வெரி டைட்’ என்று சொன்னால் போதும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று மட்டும்கூட மாரடைப்பு வரும்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் ஓர் அறிவிப்பில் ‘மேல் விவரம் கேட்கச் சுதந்திரமாக உணருங்கள்’ என்று போட்டிருந்தார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

‘தயங்காமல் கேளுங்கள்.’ அவ்வளவுதான். ஒட்டியவர்களிடம் நீங்களே அன்பாகச் சொல்லுங்கள், மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: தீபாவளிக்கு என் பேத்திக்குத் தேக்காவில் ஒரு பாவாடை தாவணி எடுத்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. பார்த்துவிட்டு “நோ ஃபீல் லா, பாட்டி” என்றாள். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாசமே இல்லாமல் வளர்கிறதா இந்தப் பிள்ளை?
– ஒரு பாட்டி, அங் மோ கியோ

அம்மா, பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தயவுசெய்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இங்கே பிள்ளைகள் பேசுகிற சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘நோ ஃபீல்’ என்றால் அந்தப் பொருள் மனத்தில் ஒட்டவில்லை, எடுபடவில்லை என்று அர்த்தம். பாட்டைக் கேட்டும் சொல்வார்கள், புதுக் கைப்பேசியைப் பார்த்தும் சொல்வார்கள். பிடித்துவிட்டால் ‘காட் ஃபீல்’ என்பார்கள். அவள் சொன்னது தாவணியைப் பற்றி, உங்களைப் பற்றி இல்லை.

பள்ளியில் அவளோடு உட்காரும் பிள்ளைகளின் வீட்டு மொழிகளும் இதில் கலந்திருக்கின்றன. மாண்டரினில் ‘கான்ஜுவே’ என்ற ஒரே சொல் உடம்பில் படுவதற்கும் மனத்தில் படுவதற்கும் ஆகிறது. மலாயில் ‘ராசா’ என்ற சொல் இன்னும் விரிவு. நாக்கு அறிகிற சுவையும் ராசா, மனம் அறிகிற வருத்தமும் ராசா, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதற்கும் ‘சாயா ராசா’. நம் வீட்டு ரசத்துக்கும் அந்த ராசாவுக்கும் சமஸ்கிருதத்தில் ஒரே வேர்தான். இத்தனை மொழிகளுக்கு நடுவே வளர்கிற பிள்ளை, எதைப் பார்த்தாலும் ‘ஃபீல்’ இருக்கிறதா இல்லையா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

நீங்கள் அங்கேயே விட்டுவிடாதீர்கள். “என்னடி பிடிக்கல? நிறமா, கரையா, துணி உறுத்துதா?” என்று கேளுங்கள். பட்டு உறுத்தும் என்பதற்காகவே வேண்டாம் என்கிற பெண்களை எனக்குத் தெரியும். அடுத்த முறை கடைக்கு அவளையும் கூட்டிப் போங்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை எனக்குக் கேட்கும்போதே பிடித்திருக்கிறது, அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: கைப்பேசியில் வெப்பநிலை 32, ‘ஃபீல்ஸ் லைக்’ 39 என்று காட்டுகிறது. 39 என்றால் சிங்கப்பூர் சாதனை முறிந்துவிட்டதா? எதை நம்புவது?
– காலை நடையர், பீஷான்

சாதனை முறியவில்லை ஐயா. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவாகி, 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்தை எட்டியது. அது நிழலில் வைத்த கருவி அளந்த காற்றின் வெப்பம். உங்கள் கைப்பேசி சொல்கிற 39 எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை வைத்து, உடம்புக்கு எப்படித் தெரியும் என்று போடும் கணக்கு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. அதைத்தான் நாம் ‘புழுக்கம்’ என்கிறோம். நடைக்குப் போகும் உங்களுக்கு 39ஐ நம்புவதுதான் நல்லது.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னோர் அளவை இருக்கிறது, ‘டபிள்யூபிஜிடி’ என்பார்கள். அதில் வெயிலின் தாக்கமும் காற்றோட்டமும் சேரும், அதனால் கைப்பேசி எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அந்த அளவை 32ஐ எட்டினால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தரவேண்டும் என்பது 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதி. துவாஸ் தம்பியும் இதைப் படித்துவைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் தோழியின் அப்பா தவறிவிட்டார். ஆங்கிலத்தில் ‘ஐ ஃபீல் ஃபார் யூ’ என்று எழுதிவிடுவேன். அவள் அம்மாவிடம் தமிழில் என்ன சொல்வது? எனக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கேள்வி கேட்டால் பயமாக இருக்கிறது.
– ஓர் இளம்பெண், செங்காங்

‘நான் உங்களுக்காக உணர்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா. ‘கேள்விப்பட்டதும் மனசே சரியில்லைம்மா’ என்று சொல், அதுவே நிறைவாக இருக்கும். அதுவும் வாயில் வரவில்லையா? ஒன்றும் சொல்லாமல் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். துக்க வீட்டில் பேசாமல் இருப்பவரை யாரும் தவறாக நினைப்பதில்லை. ‘எல்லாம் விதி’, ‘வயசாச்சு இல்லையா’ போன்ற ஆறுதல்கள் வேண்டாம், கேட்பவருக்கு வலிக்கும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கச் சடங்கை வைத்திருந்தால் நாற்காலி எடுத்துப் போடுவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று ஏதாவது வேலையில் கை கொடு. தோழி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள், அதைப் பார்த்துக்கொள். கிளம்பும்போது மட்டும் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது, துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் நம் வழக்கம்.